வாலுக்கு ஒரு குப்பி வெடிமருந்து

உங்கள் ரேஞ்சர் என் வீடு தேடி வந்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பழைய அனுபவம் ஏதாவது எழுதிக் கொடுங்கள், நல்லதாக நாலு விஷயம் இருக்கட்டும் என்றார். காபி கொடுத்து அனுப்பினேன். அப்புறம் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். முப்பத்து மூன்று வருஷ வேலையில் நல்லதாக நாலு விஷயம் அகப்படவில்லை. அகப்பட்டது ஒரு முட்டாள்தனம்தான். அதற்கு உத்தரவு போட்டவர் ஒருவர், அந்த உத்தரவைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியவன் நான், அடிபட்டவர் வேறொருவர். அதையே எழுதுகிறேன்.

கால்தடம் பார்ப்பது, துப்பாக்கி துடைப்பது, எல்லைக்கல் தேடுவது எல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் எதையும் நான் தப்பாகச் செய்ததில்லை. நான் செய்த பெரிய தப்பு காட்டுக்குள் நடக்கவே இல்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு செய்தேன்.

அப்போது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். நார்த்தாமலைக் குன்றுகளுக்குக் கிழக்கே இருந்த குறுங்காட்டுக்கு நான் கார்டு, அதாவது வனக்காவலர். காரை, சூரை, இலந்தை என்று முள்ளாகவே வளர்ந்த காடு. உள்ளே முயல் உண்டு, நரி உண்டு, பன்றி ஏராளம். காட்டை ஒட்டினாற்போல் செம்மண் கொல்லைகள். மழையை நம்பிக் கடலை போடுவார்கள். கடலை காய் பிடிக்கத் தொடங்கியதும் பன்றிக்கு எப்படித்தான் தெரியுமோ, இறங்கிவிடும். ஒரு கூட்டம் ஒரு தடவை வந்து போனால் ஏர் ஓட்டின மாதிரி கொல்லை கிடக்கும். அதனால் பயிர்க்காவலுக்கென்று ஊருக்கு நாலைந்து பேருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். எல்லாம் குழாய் வாயில் மருந்தைக் கொட்டி, கம்பியால் குத்தி இறுக்கிச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கிகள்.

இதற்கிடையில் சண்டை வந்தது. எங்கேயோ ஜெர்மன்காரனும் இங்கிலீஷ்காரனும் அடித்துக்கொண்டதில் எங்கள் ஊர்ப் பன்றிகளுக்கு யோகம் அடித்தது. வெடிமருந்தும் அதைப் பற்ற வைக்கிற கேப்பும் கடையில் கிடைக்காமல் போயின. கையிருப்பில் உள்ளதை எங்கள் காவல் கொட்டகைகள் வழியாக அளந்து கொடுப்பது என்று முடிவானது.

அளந்து கொடுப்பதென்றால் அதற்கு ஒரு விதி வேண்டுமல்லவா? எங்களுக்கு மேலே புதிதாக ஒரு அதிகாரி வந்திருந்தார். பெயர் வேண்டாம். மடிப்புக் கலையாத சட்டையும் பளபளக்கிற பூட்ஸுமாக இருப்பார். காட்டுக்குள் வந்தால் பூட்ஸ் அழுக்காகும் என்பதால் வரமாட்டார். பன்றியை அவர் படத்தில் பார்த்திருக்கலாம். அவர் போட்ட உத்தரவு இதுதான்: மருந்து வாங்குகிறவர் பன்றியைச் சுட்டதற்கு அத்தாட்சியாக அதன் வாலை அறுத்துக் கொண்டுவர வேண்டும். ஒரு வாலுக்கு ஒரு குப்பி மருந்து, பத்துக் கேப்பு. வால் இல்லையென்றால் மருந்து இல்லை.

கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. எவ்வளவு சுத்தமான விதி! யாரும் பொய் சொல்ல முடியாது, யாருக்கும் சலுகை காட்ட வேண்டியதில்லை, வால் வந்ததா இல்லையா, அவ்வளவுதான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்த வயதில் யோசிக்காமல் செய்யக்கூடிய வேலை கிடைத்தால் அதைக் கடமை என்று நினைத்துக்கொள்வோம். வந்த வால்களை உப்புத் தடவிக் கொட்டகைக்குப் பின்னால் கொடியில் காயப்போட்டேன். மாதக் கடைசியில் சாக்கில் கட்டிப் புதுக்கோட்டைக்கு அனுப்பினேன். அங்கே ஒரு குமாஸ்தா மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணுவார். எண்ணி முடித்ததும் சமஸ்தானத்தில் இத்தனை பன்றி ஒழிந்தது என்று மேலே எழுதுவார்கள். எழுதியவரும் படித்தவரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

எல்லாக் கொட்டகைகளையும்விட என் கொட்டகையில்தான் வால் அதிகம். அதற்குக் காரணம் எங்கள் ஊர் மணியகாரர். பெரிய மனிதர். நாட்டுத் துப்பாக்கி ஒன்று, இரட்டைக்குழல் ஒன்று, இரண்டும் அவரிடம் இருந்தன. மாதம் தவறாமல் அவருடைய ஆள் ஓலைக்கொட்டானில் ஆறு வால், ஏழு வால் என்று கொண்டுவந்து கொட்டுவான். அதில் பாதிக்கு மேல் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன எழுதினேன் தெரியுமா? 'குட்டிகளைக்கூட விடாமல் ஒழித்து வருகிறார்' என்று பாராட்டி எழுதினேன். அதற்கு எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன்.

இரண்டாவது வருஷம், கடலை காய் பிடிக்கிற சமயம், அடைக்கலம் என்பவர் கொட்டகைக்கு வந்தார். காட்டு ஓரத்தில் மூன்று குறுக்கம், ஏறக்குறைய மூன்று ஏக்கர், கொல்லை அவருக்கு. வேறு நிலம் கிடையாது. அவருக்கும் அவர் மனைவி மீனாளுக்கும் அந்த வருஷச் சோறு அந்தக் கொல்லையில்தான் இருந்தது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் நாற்காலியில் இருந்தேன், அவர் நின்றார். நான் 'நீ' என்றேன், அவர் 'நீங்க' என்றார். அது அப்போதைய வழக்கம்.

"கொஞ்சம் மருந்து வேணும்ங்க. பழய இருப்பு இன்னும் பத்துப் பதினஞ்சு நாளைக்குத்தாங்க வரும். கடலை காய் புடிக்கிற நேரம்."

"வால் எங்க?"

"வால் இல்லீங்க. பன்னி வரலைங்க."

"பன்னி வரலையா? அப்பறம் ஒனக்கு மருந்து எதுக்கு?"

கொட்டகையில் இருந்த இன்னும் இரண்டு கார்டுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் சாமர்த்தியத்தில் எனக்கே தலைகால் புரியவில்லை. அடைக்கலம் சிரிக்கவில்லை. கணக்கு வராத பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார்.

"மருந்து இருந்துச்சு, அதுனாலதாங்க வரல. பொழுது சாயிறப்ப ரவை போடாம ஒரே ஒரு வெடி. ஒரு நா அங்கிட்டு நின்னு, ஒரு நா இங்கிட்டு நின்னு. இங்க ஒரு ஆளு இருக்கான்னு அதுக்குத் தெரிஞ்சாப் போதும்ங்க, வேற பக்கம் போயிரும். அதக் கொன்னு நான் என்னங்க பண்ணப் போறேன்?"

"சர்க்கார் என்ன தீவாளிக்கா மருந்து குடுக்குறாங்க? வானத்தப் பாத்துச் சுடுறதுக்கு?"

மறுபடியும் சிரிப்பு. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதோடு விட்டிருந்தால்கூட நான் வெறும் முட்டாள் என்ற அளவில் நின்றிருப்பேன். எனக்குச் சுறுசுறுப்பும் இருந்தது. அன்று மாலையே ஒரு அறிக்கை எழுதினேன். 'மேற்படியார் கொல்லையில் பன்றித் தொந்தரவு இல்லை. இரண்டு வருஷமாக ஒரு பன்றிகூடச் சுடப்படவில்லை. துப்பாக்கி தேவையற்றது.' ஒவ்வொரு வரியும் உண்மை. பத்தே நாளில் பதில் வந்தது: துப்பாக்கியை வாங்கிக் கொட்டகையில் வைக்கவும். எங்கள் இலாகாவில் வேறு எந்தக் காகிதமும் அவ்வளவு வேகமாகத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

துப்பாக்கியை வாங்க நானே போனேன். அடைக்கலம் எடுத்துக் கொடுத்தார். மீனாள்தான் வாசலை மறித்துக்கொண்டு கேட்டாள்.

"காவல எடுத்துட்டுப் போறீங்களே, அப்பறம் யாருங்க கொல்லையக் காக்குறது?"

"வராத பன்னிக்கு எதுக்கும்மா காவல்?"

அதே வேடிக்கைப் பேச்சை இரண்டாவது தடவையும் சொன்னேன். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் அவ்வளவாக எடுபடவில்லை.

பன்றிக்கு அறிக்கை படிக்கத் தெரியாது. ஆனால் சாயங்கால வெடி நின்றுபோனது அதற்கு நாலே நாளில் தெரிந்துவிட்டது. ஆறாம் நாள் அடைக்கலம் மறுபடி வந்து நின்றார்.

"பன்னி வந்துருச்சுங்க. ஒரு குறுக்கம் போச்சு. துப்பாக்கியக் குடுங்க."

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களில் யாருக்கும் தெரியும். பீரோ எனக்குப் பின்னால் இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. புதிதாக விண்ணப்பம் போட வேண்டும் என்றேன். தொந்தரவு இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றேன்.

"என்னங்க அத்தாட்சி?"

"வால்."

"துப்பாக்கி இல்லாம வாலுக்கு நான் எங்கிட்டுங்க போறது?" என்று கேட்டார். விதி அப்படித்தான் இருக்கிறது, நான் என்ன செய்ய முடியும் என்றேன். மணியகாரரிடம் வேண்டுமானால் சொல்லிப் பாரேன் என்று யோசனை வேறு சொன்னேன். "வால் வந்தாக் குடுத்துருவீங்களா?" என்று கேட்டார். "கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பேன்" என்றேன். அந்த வார்த்தையை அவர் அப்படியே நம்பிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் காலை, நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது மீனாள் ஓடிவந்தாள். முந்தானையெல்லாம் முள் கிழித்திருந்தது.

"வாங்கய்யா, சீக்கிரம் வாங்க! கொல்லைக்குள்ள ஒத்தப் பன்னி நிக்குது. தகரத்தத் தட்டிப் பாத்தோம், அது காதுலயே வாங்கல. அவரு வேலிச் சந்த முள்ள வச்சு அடச்சிட்டு, படலயும் சாத்திட்டு, வேல்கம்போட உள்ள நிக்கிறாரு."

"உள்ளயா? படலச் சாத்திக்கிட்டா? எதுக்கு?"

"எதுக்கா? வாலுக்குத்தான்!"

கொட்டகைத் துப்பாக்கியையும் இரண்டு தோட்டாக்களையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு மைல் இருக்கும். அவள் எனக்கு முன்னால் ஓடினாள். என் வாழ்க்கையில் பயந்துகொண்டே ஓடியது அன்றைக்குத்தான். பன்றிக்குப் பயப்படவில்லை. அந்த ஆள் செத்துப்போனால் காரணம் யார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

கொல்லையைச் சுற்றி இலந்தை முள் வேலி, ஆள் உயரம். வெளியே வர ஒரே வழி முள்ளால் கட்டிய படல்தான். வேலியின் எதிர் மூலையில் பன்றி நின்றது. சின்னதும் இல்லை, ரொம்பப் பெரியதும் இல்லை. தோளில் குத்துப்பட்டு ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பத்தடி தள்ளி அடைக்கலம், முனை வளைந்த வேல்கம்போடு. படலுக்கு வெளியே நான். மூன்று பேரும் ஒரே நேர்கோட்டில் இருந்தோம். சுட்டால் முதலில் அவர் முதுகில்தான் பாயும்.

"வெலகு! பக்கத்துல வெலகு!" என்று கத்தினேன்.

அவர் திரும்பாமலே பதில் சொன்னார். "வெலகுனா முள்ளப் பிச்சிக்கிட்டு ஓடிரும்ங்க. வால் போயிரும்."

துப்பாக்கியைத் தோளில் வைத்தபடி நின்றேன். பயிற்சியில் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது, அதில் எது இப்போது உதவும் என்று மட்டும் தெரியவில்லை. சுற்றிப்போய் வேறு பக்கத்திலிருந்து சுடலாமா, வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடலாமா என்று புத்தி அங்கும் இங்கும் அலைந்தது. கையில் துப்பாக்கி இருந்ததால் சுடுவதைத் தவிர வேறொன்றும் யோசிக்க வரவில்லை. பன்றிக்கு வழி விட்டால் போதும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மீனாளுக்குத் தோன்றியது. அவள் என்னைத் தள்ளிவிட்டு, அந்த முள்படலை இரண்டு வெறுங்கையாலும் பிடித்து இழுத்து அப்பால் எறிந்தாள். உள்ளங்கை முழுக்க முள் ஏறியது. அவள் அதைப் பார்க்கவில்லை.

பன்றிக்கு வழி தெரிந்தது. வழியில் அடைக்கலம் நின்றார். கடைசி நிமிஷத்தில் அவர் ஒதுங்கத்தான் பார்த்தார், ஆனால் கம்பை விட மனசில்லாமல் ஒரு குத்துக் குத்தினார். அது போகிற போக்கில் தலையை ஒரு ஆட்டு ஆட்டியது. கோரைப்பல் அவர் தொடையைக் கிழித்தது. அவர் விழுந்தார். பன்றி என் பக்கத்தில், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் கடந்து ஓடியது. இருபதடி போனதும் சுட்டேன். பக்கத்து ஓடை மணலில் சரிந்தது.

மீனாள் அவர் தொடையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். மண்ணெல்லாம் ரத்தம். நான் கிட்டே போய் உட்கார்ந்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"விழுந்துருச்சாங்க?"

"விழுந்துருச்சு."

"மொதல்ல வால அறுங்க. நரி கிரி வந்துறப் போவுது. வால அறுத்துட்டு வாங்க."

கத்தியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். பன்றியைப் புரட்டினேன். வால் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மொட்டை முளை, அதன்மேல் எப்போதோ ஆறிப்போன தழும்பு. கத்தியால் அறுத்த தழும்பு. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்த வால்கள், மணியகாரரின் ஓலைக்கொட்டான், நான் எழுதிய பாராட்டு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தன. இந்தப் பன்றியின் வாலை நானே உப்புப் போட்டுக் காயவைத்து அனுப்பியிருக்கிறேன்.

திரும்பி வந்து சொன்னேன். "வால் இல்லை."

அடைக்கலம் என் முகத்தையும் என் கையிலிருந்த கத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். "பன்னிக்கு வால் இல்லாம இருக்குமாங்க?" என்றார். நான் ஏதோ தகராறு செய்வதாகவே அவர் நினைத்தார். அந்த நேரத்தில் அவர் என்னைக் காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வலியில் முனகிக்கொண்டே "நல்லாப் பாருங்கய்யா" என்று கெஞ்சினார். இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவரைக் கட்டிலோடு தூக்கி வண்டியில் ஏற்றிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மணியகாரருக்கு வலை போடுகிற ஆளைத் தேடிப் போனேன். அவன் மறைக்கவே இல்லை. குட்டிகளை வலையில் பிடிப்பதும், வாலை அறுப்பதும், விட்டுவிடுவதும் இரண்டு வருஷமாக நடக்கிறதாம்.

"ஏண்டா விட்டீங்க?"

"குட்டியக் கொன்னா அடுத்த வருசம் கறிக்கு எங்கிட்டுங்க போறது? நீங்க வாலு மட்டும்தான கேட்டீங்க?"

கேட்டதைக் கொடுத்திருக்கிறான். மணியகாரருக்கு மருந்து குறைவில்லாமல் வந்தது. அவனுக்குக் கறி வளர்ந்தது. எனக்குக் கடிதம் வந்தது. பன்றி ஒழிந்ததாகச் சமஸ்தானம் நம்பியது. ஒருத்தருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாட்டில், உண்மையிலேயே கொல்லையைக் காத்தவர் ஒருத்தர்தான் கட்டிலில் போனார்.

பன்றியின் பின்பாகத்தைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். அப்போது பெட்ரோல் கிடையாது, கரியில் ஓடுகிற பஸ். அந்தக் கரிப்புகை நாற்றத்திலேயே தினமும் வாழ்கிற கண்டக்டர் என் சாக்கு நாறுகிறது என்று ஏற்ற மறுத்துவிட்டார். சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு புதுக்கோட்டை போய்ச் சேர்ந்தேன். அதிகாரியின் மேஜைக்கு முன்னால் சாக்கைப் பிரித்தேன். அவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒரு தோட்டா செலவாகியிருக்கிறதே, அதற்கு வால் எங்கே?"

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாள் எழுத்திலேயே வந்தது: தோட்டா ஒன்று செலவு, வால் வரவில்லை, விளக்கம் தருக. நான் எழுதினேன்: 'இந்தப் பன்றியின் வால் என் பாராட்டுரையோடு தங்கள் அலுவலகத்துக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டது.' அதற்குப் பலன் இருந்தது. விதியைத் திருத்தினார்கள். இனிமேல் வால் ஆறங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார்கள். அளப்பதற்கு ஒவ்வொரு கொட்டகைக்கும் ஒரு மர ஸ்கேல் வந்தது.

ஸ்கேல் வந்த அன்றைக்குத்தான் பீரோவைத் திறந்தேன். அடைக்கலத்தின் துப்பாக்கியை எடுத்தேன். கார்டுகளின் பங்கில் எனக்கு உரிய மருந்துக் குப்பியையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் மீனாள் கையில் கொடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வந்திருந்தார், கட்டிலில் கிடந்தார். கொல்லையில் மூன்றில் இரண்டு பங்கு போயிருந்தது. இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்த மீனாள் துப்பாக்கியை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "அவரு வந்து கேட்ட அன்னைக்கே குடுத்துருக்கலாம்ல?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

உத்தரவில்லாமல் துப்பாக்கி கொடுத்ததற்கு மறுபடி விளக்கம் கேட்டார்கள். 'அங்கே பன்றி வராததற்குத் துப்பாக்கிதான் காரணம். இதை நான் முன்பே தலைகீழாக எழுதிவிட்டேன்' என்று எழுதினேன். அந்த வருஷம் எனக்கு வர வேண்டிய பாரஸ்டர் பதவி வேறொரு கொட்டகைக்காரனுக்குப் போயிற்று. அவனிடம் ஆறங்குல வால்கள் நிறைய இருந்தன. அவற்றில் எத்தனை பன்றி வால், எத்தனை வேறு வால் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் மேலேயும் யாரும் இல்லை.

இதைப் படித்துச் சிரிப்பீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் ரேஞ்ச் ஆபீஸ் சுவரில் தொங்குகிற மாத அட்டவணையைப் போய்ப் பாருங்கள். எத்தனை வழக்கு, எத்தனை பறிமுதல், எத்தனை ரோந்து என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். ஒன்றுமே நடக்காமல் பார்த்துக்கொண்ட ஒரு கார்டு உங்களில் இருந்தால், அவனுக்கு எந்தக் கட்டத்தில் என்ன எழுதுகிறீர்கள்? நான் போன மாதம் வந்தபோது பார்த்தேன். அவனுக்கு நேரே சைபர் போட்டு, சிவப்பு மையில் கோடு வேறு இழுத்திருந்தீர்கள். எனக்கு அந்த மர ஸ்கேல் ஞாபகம் வந்தது.

அடுத்த வருஷம் கடலை காய் பிடிக்கிற நேரத்தில் அடைக்கலம் கொட்டகைக்கு வந்தார். வலது கால் நேராகவில்லை. கம்பை ஊன்றி, இழுத்து இழுத்து நடந்துவந்தார். நான் எழுந்து நின்றேன். அவர் உட்காரவில்லை.

"மருந்து வேணும்ங்க."

"பன்னி வருதாங்க?"

"வரலைங்க."

நான் பீரோவைத் திறந்து குப்பியை எடுத்தேன். திரும்பிப் பார்த்தால், அவர் மடியிலிருந்து ஒரு வாழைச்சருகுப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் பிரித்து வைத்தார். உள்ளே ஒரு வால்.

"இது என்னங்க?"

"ஆட்டு வாலுங்க. கோயில்ல கெடா வெட்டுனாங்க, அதுல வாங்கியாந்தேன். பன்னி வாலு நம்மகிட்ட இல்ல. வாலு கேப்பீங்களே, வெறுங்கையோட எப்புடி வாரதுன்னு..."

குத்திக் காட்டச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. இந்த ஆபீஸ்காரனுக்கு ஏதாவது ஒரு வால் வேண்டும், கொடுத்துவிட்டால் கொல்லை பிழைக்கும் என்று அவர் முடிவு செய்து வந்திருந்தார். என்னைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குமேல் தெரிந்துகொள்ளும்படி நானும் ஒன்றும் செய்திருக்கவில்லை.

"வாலெல்லாம் வேண்டாங்க. மருந்த வாங்கிக்கிட்டுப் போங்க" என்று இரண்டு கையாலும் குப்பியைக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, வாலை அங்கேயே விட்டுவிட்டு, காலை இழுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

அந்த வாலை நான் பதிவேட்டில் ஏற்றவில்லை. இத்தனை வருஷத்தில் என் மேஜைக்கு வந்த வால்களில், இது இன்ன வால் என்று உண்மையைச் சொல்லி ஒருவர் கொடுத்தது அது ஒன்றுதான்.